டீசல் காரில் டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது

கேள்வி: பிஎஸ் 6 டீசல் காரைச் சென்னை நகருக்குள் மட்டுமே ஓட்டுகிறேன். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு அடிக்கடி எரிவதால், வடிகட்டியையே மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

மறுமொழி 1: அவசரப்பட வேண்டாம். வடிகட்டியில் படியும் கரி, ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரிந்து நீங்க வேண்டும்; குறுந்தொலைவுப் பயணங்களில் அதற்குள் இன்ஜினை நிறுத்திவிடுவதால் எரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. விளக்கு எரிந்ததும், கையேடு குறிப்பிடும் வேகத்தில் நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள்.

மறுமொழி 2: அதற்கு முன் டிப்ஸ்டிக்கை (இன்ஜின் ஆயிலின் அளவு காட்டும் கோல்) பாருங்கள். எரிப்பு அடிக்கடி தடைபட்டால், டீசலானது இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயிலின் அளவு உயரும். ஆயில் குறையவில்லை என்று மகிழ்வோரும் உண்டு!

கேள்வி கேட்டவர்: ஆயில் அளவு, டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறது.

மறுமொழி 2: அப்படியெனில் முதலில் ஆயிலை மாற்றுங்கள். ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எந்த வெப்பத்திலும் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், கையேடு கூறும் குறைசாம்பல் வகையையே ஊற்றச் சொல்லுங்கள்.