நோய்ப்பட்ட அணிலைப் பார்த்த அனுபவம் உண்டா? எழுதுங்கள்

ஆயர் ஈத்தாம், பினாங்கு:
எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு ரம்புத்தான் மரம். நாலைந்து அணில்கள் அதில்தான் குடித்தனம். பாட்டி கதையில் வரும் முதுகில் மூன்று கோடு போட்ட அணில் இல்லை, இந்த மண்ணின் அணில். வயிறு செம்பழுப்பு, விலாவில் கறுப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை. மூன்று வருஷமாக வேலிக்காலில் ஒரு தட்டு கட்டி, தினமும் வாழைப்பழமும் பப்பாளியும் வைத்து வந்தேன்.

போன மாதம் ஒரு காலை, ஒன்று தட்டை விட்டு நகரவே இல்லை. கிட்டே போனேன், ஓடவில்லை. ஆளைக் கண்டு ஓடாத அணில் என்றால் ஏதோ கோளாறுதான். குனிந்து பார்த்தால் காதுமடல் ஓரமெல்லாம் உண்ணி. ரத்தம் குடித்து உப்பி, பச்சைப்பயறு கோத்த மாதிரி, ஒரு காதில் மட்டும் ஒன்பது எண்ணினேன். இமையில் ஒன்று தொங்கி கண் பாதி மூடியிருந்தது. அந்தப் புசுபுசு வால் முடி உதிர்ந்து எலிவாலாகி, தோல் சாம்பல் பூத்த மாதிரி தடித்திருந்தது.

துண்டைப் போட்டு மூடி, அட்டைப்பெட்டியில் வைத்து மிருக டாக்டரிடம் கொண்டு போனேன். கூரான இடுக்கியால் உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தார். விரலால் நசுக்கவே கூடாது என்றார். வால் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். குட்டைக் கால்களோடு உருண்டையாய் ஒரு பூச்சி ஊர்ந்தது. சொறிக்குக் காரணம் அதுதானாம்.

“சாப்பாடு வைக்கிறீர்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். காட்டு அணில் உடம்பில் நாலு உண்ணி, வயிற்றில் நாலு புழு இருப்பது சகஜம், அது தாங்கிக்கொள்ளும். ஆனால் ஊர் அணிலெல்லாம் ஒரே தட்டில் உரசிச் சாப்பிட்டு, அங்கேயே கழிந்தால் ஒன்றின் பூச்சியும் புழுவும் எல்லாவற்றுக்கும் போகும் என்றார். ஆசையாய் வைத்த தட்டு. அன்று சாயங்காலமே கழற்றிவிட்டேன்.

செந்தூல், கோலாலம்பூர்:
அக்கா, நீங்கள் டாக்டரிடம் போனீர்கள். நான் போகவில்லை. போன வருஷம் உண்ணி மொய்த்த குட்டி ஒன்று மாடிப்படியில் கிடந்தது. நாய்க்குப் போடும் உண்ணிப் பவுடரைத் தூவினேன். ரெண்டு மணி நேரத்தில் நடுங்க ஆரம்பித்தது, இரவு தாண்டவில்லை. வளர்ந்த அணிலே 200 கிராம் சுமார்தான் இருக்கும், இது அதில் பாதிகூட இல்லை. நாயின் மருந்தை அதற்குக் கணக்கில்லாமல் போட்டது என் தப்பு. யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

கெப்போங், கோலாலம்பூர்:
இங்கே கேட்கலாமா தெரியவில்லை. கடையில் வாங்கிய வெள்ளை அணில் ஒன்று ரெண்டு வருஷமாக என்னிடம் இருக்கிறது. தாய்லாந்து ஜாதி என்றார்கள். வேலை மாறிப் போகிறேன். புக்கிட் கியாரா பூங்காவில் விட்டால் பிழைத்துக்கொள்ளாதா? அங்கே நிறைய அணில் இருக்கிறதே.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்:
தம்பி, தயவுசெய்து விடாதீங்க. நான் விலங்கியல் படித்தவன், இது எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். இத்தாலியில் 1948-இல் அமெரிக்கச் சாம்பல் அணிலைக் கொண்டுவந்து விட்டார்கள். வந்த இடத்தில் அதன் பழைய ஒட்டுண்ணிகள் பல கழிந்துபோயின, ஆனால் ஸ்ட்ராங்கிலாய்டஸ் ரோபஸ்டஸ் என்ற ஒரு குடற்புழு கூடவே வந்துவிட்டது. இந்த இனப் புழுவின் இளம்புழு தோலைத் துளைத்தே உள்ளே போகக்கூடியது. அந்த ஊர்ச் சிவப்பு அணிலுக்கு அதுவரை பழக்கமில்லாத புழு. இப்போது சாம்பல் அணில் இருக்கும் காடுகளில் சிவப்பு அணிலின் குடலிலும் அது இருக்கிறது, சிவப்பு அணிலுக்கு முன்பே இருந்த சொந்தப் புழுவும் கூடுதலாகியிருக்கிறது. அந்நிய அணில் பக்கத்தில் இருப்பதாலேயே சிவப்பு அணிலுக்கு மன அழுத்த ஹார்மோன் ஏறுவதையும் அளந்திருக்கிறார்கள். அழுத்தம் கூடினால் எதிர்ப்புச் சக்தி குறையும்.

பிரிட்டனில் இன்னும் மோசம். 1876-இல் தொடங்கி அங்கே விடப்பட்ட சாம்பல் அணில் அம்மை வைரஸைச் சுமக்கும், அதற்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிவப்பு அணிலோ கண்ணும் வாயும் புண்ணாகிச் செத்துப்போகும். உங்கள் அணில் துறுதுறுவென்று இருக்கிறது என்பதை வைத்து அதில் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது, தம்பி. அதனிடம் ஏதாவது புழு இருந்தால், புக்கிட் கியாராவில் இருப்பவை அதைப் பார்த்தே இராதவையாக இருக்கலாம். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் பேசிப் பாருங்கள். அதற்கு முன்னால் கழிவைச் சோதிக்கக் கொடுங்கள்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு:
அண்ணே, இதைப் படித்த பிறகு தட்டு இருந்த வேலிக்காலையும் வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். என் அணிலுக்கு ரெண்டாவது ஊசி முடிந்தது. வாலில் பொடிமுடி துளிர்க்கிறது. அதே ரம்புத்தானில்தான் விடப்போகிறேன்.

கெப்போங், கோலாலம்பூர்:
நேற்றுக் கொடுத்தேன். புழு முட்டை இருக்கிறதாம், என்ன புழு என்று பார்க்க இன்னொரு மாதிரி கேட்கிறார்கள். செவ்வாய்க்கிழமை போகிறேன். கூண்டு வீட்டிலேயே இருக்கிறது.