சதுரங்கப் பலகையில் ஓடும் ஆறு

குழு: பெரிய வீடு

திலகா (சிங்கப்பூர்), இரவு 8:12
அண்ணா, கவினுக்கு நேற்று ஒரு சீனச் சதுரங்கப் பலகை வாங்கிக் கொடுத்தோம். பலகையின் நடுவே கோடுகள் அறுபட்டு ஒரு வெற்றிடம் இருக்கிறது. அதில் நான்கு சீன எழுத்துகளைப் பொறித்திருக்கிறார்கள். ‘சூ நாட்டின் ஆறு, ஹான் நாட்டின் எல்லை’ என்று அதற்குப் பொருள் என்றார் கடைக்காரப் பெரியவர். விளையாட்டுப் பலகையில் நாட்டு எல்லை எதற்கு என்று இவன் என்னைத் துளைத்தெடுக்கிறான்.

ராமநாதன், இரவு 8:20
மருமகனே, கி.மு. 203ஆம் ஆண்டில் இரண்டு படைத்தலைவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையின் எல்லைதான் அந்த வெற்றிடம் என்பது சீனர்களின் மரபு. ஹோங் கால்வாய்க்கு மேற்கே உள்ள நிலம் ஹான் அரசன் லியூ பாங்குக்கு, கிழக்கே உள்ளது சூ நாட்டின் சியாங் யூவுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அப்போது சீனாவை ஆண்ட சின் பேரரசை எதிர்த்துக் கிளர்ந்த படைகளில் தோளோடு தோள் நின்றவர்கள் அவர்கள். அந்தப் பேரரசு விழுந்ததும் ஒருவரை ஒருவர் எதிர்த்து நான்காண்டுகள் போரிட்டார்கள்.

செல்வம், இரவு 8:23
லியூ பாங் குடியானவர் வீட்டில் பிறந்தவர் என்று படித்த நினைவு இருக்கிறது, அண்ணா. அப்படிப்பட்டவர் எப்படிப் படைத்தலைவர் ஆனார்?

ராமநாதன், இரவு 8:31
பெய் வட்டாரத்தில் அவர் வகித்தது ஒரு கடைநிலைக் காவல் பதவி. நம்மூர் மணியக்காரருக்கும் ஒரு படி கீழே என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பேரரசரின் கல்லறையைக் கட்டும் வேலைக்குக் கைதிகளை அழைத்துப் போகும் பொறுப்பு அவருக்கு வந்தது. இன்று சுடுமண் வீரர்களைப் பார்க்க உலகமே போகிறதே, அதே கல்லறைதான். வழியில் கைதிகள் ஒவ்வொருவராகத் தப்பி ஓடினார்கள். போய்ச் சேருவதற்குள் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள், தமக்கும் தண்டனை தப்பாது என்று உணர்ந்தவர், எஞ்சியவர்களையும் அவிழ்த்துவிட்டுத் தாமும் காட்டுக்குள் மறைந்தார். கி.மு. 209இல் சென் செங் என்பவர் கலகக்கொடி உயர்த்தியபோது, பெய் ஊர் மக்கள் தங்கள் அதிகாரியைக் கொன்றுவிட்டு இவரைத் தலைவராக்கினார்கள்.

யாழினி, இரவு 8:36
அப்பா, சட்டம் படிப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லைக்காவலுக்குப் போகும் வழி மழையால் அடைபட்டதாலும், தாமதத்திற்கு மரண தண்டனை என்பதாலும்தான் சென் செங்கும் அவருடன் இருந்த 900 பேரும் எழுந்தார்கள் என்பது பழைய வரலாறு. ஆனால் 1975இல் ஷுய்ஹூதி என்ற இடத்தில் ஒரு கல்லறையிலிருந்து கிடைத்த மூங்கில் ஏடுகளில் உள்ள சின் சட்டம், கட்டாய வேலைக்கு ஆறு முதல் பத்து நாள் தாமதமானால் ஒரு கேடயத்தின் விலையை அபராதமாகக் கேட்கிறது. மழை பெய்தால் அந்த வேலையையே தள்ளுபடி செய்கிறது.

ராமநாதன், இரவு 8:39
நல்ல குறிப்பு, அம்மா. ஆயினும் அது கூலியில்லா வேலைக்கான விதி. எல்லைக்காவலுக்குப் போன படையினருக்கும் அது பொருந்துமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது.

கவின், இரவு 8:41
பெரிய மாமா, இந்த ஆட்டத்தில் இரண்டு தளபதிகளும் நடுவில் காய் எதுவும் இல்லாமல் நேருக்கு நேர் நிற்கக் கூடாதாம். உண்மையில் அவர்கள் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டார்களா?

ராமநாதன், இரவு 8:52
பார்த்துக்கொண்டார்கள், மருமகனே. உடன்படிக்கைக்கு முன்பு குவாங்வூ என்ற பள்ளத்தாக்கின் இருபுறமும் இரு படைகளும் மாதக்கணக்கில் முகாமிட்டிருந்தன. லியூ பாங்கின் தந்தையும் மனைவியும் அப்போது சியாங் யூவிடம் சிறையில் இருந்தார்கள். சரணடையாவிட்டால் உன் தந்தையைக் கொதிக்கவைப்பேன் என்று சியாங் யூ மிரட்டியபோது, ‘நாம் உடன்பிறப்புகளாக உறுதி ஏற்றவர்கள், என் தந்தை உனக்கும் தந்தை, கொதிக்கவைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் ரசம் அனுப்பு’ என்று இவர் பதில் சொன்னதாக, ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் வரலாறு எழுதிய சிமா சியன் பதிவு செய்கிறார். மற்றொரு நாள் இருவரும் பள்ளத்தாக்கைக் கடந்து பேசிக்கொண்டிருந்தபோது, மறைந்திருந்த வில்லாளியின் அம்பு லியூ பாங்கின் மார்பில் தைத்தது. அவரோ உடனே குனிந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டு, கால்விரலில் அடித்துவிட்டான் என்று கத்தினார். தலைவருக்கு மார்பில் காயம் என்று தெரிந்தால் படை கலைந்துவிடும் அல்லவா? நான் பாடம் நடத்திய காலம் முழுவதும் என்னை வியக்கவைத்த இடம் இதுதான்.

திலகா, இரவு 8:55
வியப்பதற்கு என்ன இருக்கிறது, அண்ணா? பெற்ற தகப்பனை வைத்து ரசம் கேட்கும் மனிதரைப் பற்றி என் பிள்ளைக்குச் சொல்கிறீர்கள்.

செல்வம், இரவு 8:58
அக்கா, அவர் அழுது மன்றாடியிருந்தால் அந்த முதியவரின் உயிர் அன்றே போயிருக்கும். மிரட்டலுக்கு மதிப்பில்லை என்று காட்டியதால்தான் அவர் பிழைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

யாழினி, இரவு 9:04
அதை விட்டுவிடுவோம், சித்தப்பா. உடன்படிக்கைக்குப் பின் நடந்ததைப் பாருங்கள். சியாங் யூ உணவு தீர்ந்து களைத்திருந்தார், ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றித் தந்தையையும் மனைவியையும் திருப்பி அனுப்பிவிட்டுக் கிழக்கே புறப்பட்டார். சாங் லியாங், சென் பிங் என்ற ஆலோசகர்களின் பேச்சைக் கேட்டு, எல்லை வகுத்த மை காய்வதற்குள் லியூ பாங் அவரைத் துரத்தினார். அந்தத் துரத்தலிலும் முதலில் தோற்றார். ஏனென்றால் ஹான் ஷின், பெங் யுவே என்ற அவருடைய சொந்தத் தளபதிகளே படையோடு வந்து சேரவில்லை. இன்ன இன்ன நிலம் உங்களுக்கு என்று உறுதியளித்த பிறகுதான் வந்தார்கள்.

ராமநாதன், இரவு 9:11
அதை நான் மறுக்கவில்லை. கி.மு. 202இல் காய்சியாவில் சியாங் யூ வளைக்கப்பட்டார். நான்கு திசையிலும் தம் சொந்த நாட்டுப் பாடல்கள் ஒலிப்பதைக் கேட்டு, சூ நாடே எதிரியின் வசமாகிவிட்டது என்று எண்ணினார். ‘நான்கு பக்கமும் சூ நாட்டுப் பாடல்’ என்பது, போக்கிடமில்லாத நிலைக்குச் சீன மொழியில் இன்றும் வழங்கும் தொடர். வூ ஆற்றங்கரையில் படகு காத்திருந்தும் ஏறாமல் அவர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டில் லியூ பாங் பேரரசரானார். இடையில் வாங் மாங் அரியணையைப் பறித்திருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, அவருடைய ஹான் வம்சம் கி.பி. 220 வரை நீடித்தது.

திலகா, இரவு 9:14
மனைவி திரும்பி வந்தாரே, அவர் என்ன ஆனார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ராமநாதன், இரவு 9:18
லூ சீமாட்டி பேரரசியானார். நிலம் வாங்கிக்கொண்டு போருக்கு வந்த அந்த ஹான் ஷின்னை கி.மு. 196இல் அரண்மனைக்குள் வரவழைத்துக் கொல்லச் செய்தவர் அவர்தான். அடுத்த ஆண்டே, வேறொரு பழைய தளபதியின் கலகத்தை அடக்கப்போன இடத்தில் பட்ட அம்புக் காயம் முற்றி லியூ பாங்கும் இறந்தார். இந்த முறை கால்விரல் என்று சொல்லித் தப்ப முடியவில்லை.

கவின், இரவு 9:20
பெரிய மாமா, என் போர்வீரன் ஆற்றைத் தாண்டிவிட்டான். ஆபத்து என்று அப்பா அவனைப் பின்னால் இழுக்கச் சொல்கிறார்.

ராமநாதன், இரவு 9:21
ஆற்றைத் தாண்டியவன் இனிப் பக்கவாட்டிலும் நகரலாம், மருமகனே. பின்னால் நகர அவனுக்கு விதியில்லை என்று அப்பாவிடம் சொல்.