எட்டாப்பு பிள்ளைகளுக்கு இங்கிலாந்து ராஜா சண்டையெல்லாம் எப்படிங்க நடத்துறது?

மாட்டுத்தாவணி_டீச்சர்:
வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு ஸ்கூல்ல ஹிஸ்டரி எடுக்குறேன், வெளிநாட்டு சிலபஸ். 1066ல இருந்து 1689 வரைக்கும் ராஜா, சர்ச், பிரபுக்கள், பார்லிமென்ட் இதுல யார் கை எப்ப ஓங்குச்சுன்னு நடத்தணும். பயலுகளுக்கு எல்லா ஹென்றியும் ஒண்ணாத்தான் தெரியுது, டெஸ்ட்ல ஒருத்தன் ஆர்ச்பிஷப் தாமஸ் பெக்கெட்ட வெட்டுனது எட்டாம் ஹென்றி ஆளுகன்னு எழுதிருக்கான் (அது 1170, ரெண்டாம் ஹென்றி!). வருஷத்த உருப்போட வைக்க எனக்கே இஷ்டமில்ல. வழி சொல்லுங்க.

வைகைக்கரை:
டீச்சர், ராஜாவ விடுங்க, காசைப் புடிங்க. சண்டைக்கு யார் துட்டு குடுக்குறதுங்கிற ஒரே கேள்விய வச்சு முக்காவாசி போர்ஷன ஓட்டிரலாம். ஜான் 1204ல நார்மண்டிய பறிகொடுத்துட்டு அத மீட்கப்போறேன்னு பிரபுக்கள்ட்ட வரியா கறந்தான், அவிங்க பொறுத்துப் பாத்துட்டு 1215ல ரன்னிமீடு புல்வெளில வச்சு மேக்னா கார்ட்டாங்கிற உரிமைப் பத்திரத்துல முத்திரை வாங்கிட்டாய்ங்க, முக்கியமான சில வரிய சம்மதம் கேக்காம போடக்கூடாதுன்னு அதுல ஒரு ஷரத்து. அப்புறம் முதலாம் சார்லஸ், 1629ல இருந்து பதினோரு வருஷம் பார்லிமென்ட்டே கூட்டாம, கப்பல் வரின்னு கடலையே பாக்காத ஊர்லயும் வசூல் பண்ணான். ஸ்காட்லாந்துக்காரங்களோட சண்டை வந்து கஜானா காலியானதும் 1640ல வேற வழியில்லாம கூட்டுனான், அதுதான் வினையாப் போச்சு.

ஜிகர்தண்டா_பிரியன்:
காசு கணக்கெல்லாம் ரெண்டாம் பீரியட்ல வைங்க, முதல்ல நடிக்க விடுங்க. 1642 ஜனவரி 4. சார்லஸ் ஆயுதம் வச்ச ஆளுகளோட பார்லிமென்ட்டோட காமன்ஸ் சபைக்குள்ளயே வந்து, தன்னை எதிர்த்த அஞ்சு மெம்பர்கள புடிக்கப் பாக்குறான், அவிங்க முன்னாடியே எஸ்கேப்பு. எங்கடான்னு சபாநாயகர் லென்தால்ட்ட கேட்டா அந்தாளு மண்டி போட்டுட்டு, சபை சொன்னாத்தான் எனக்கு கண்ணும் தெரியும் நாக்கும் பேசும்ங்கிற மாதிரி பதில் சொல்லிட்டாரு. மண்டி போட்டுக்கிட்டே முடியாதுங்கிறாரு பாருங்க, மொத்த பாடமும் அங்கதான் இருக்கு. கடைசி பெஞ்ச் வாயாடிய லென்தாலா போடுங்க. 1649ல சார்லஸ் தலைய வெட்டுனப்ப இங்க திருமலை நாயக்கர் ஆட்சி, அதையும் சொல்லுங்க, மஹால் பாத்த பிள்ளைகளுக்கு காலம் டக்குனு புடிபடும்.

கீழவாசல்:
ஒரே ஒரு விஷயம். மேக்னா கார்ட்டா என்னமோ மக்களுக்கு கிடைச்ச விடுதலைப் பத்திரம்ங்கிற ரேஞ்சுல கைடுல எழுதிருப்பாய்ங்க, அத நம்பி நடத்தாதீங்க. அதுல பெரும்பாலும் பேசுறது சுதந்திர ஆளுகளப் பத்தி, பண்ணைல கட்டுப்பட்டுக் கிடந்தவனுக்கு பெருசா ஒண்ணும் இல்ல. அதுவும் போப் அந்த வருஷமே செல்லாதுன்னுட்டாரு. அந்த ஜனம் 1381ல தலைவரி தாங்காம லண்டனுக்கே கிளம்பி வந்துச்சு, பதினாலு வயசு ரிச்சர்ட் ராஜா எல்லாம் தர்றேன்னு வாக்கு குடுத்துட்டு, தலைவன் வாட் டைலர் செத்ததும் பல்டி அடிச்சுட்டான். ராஜா நம்ம பிள்ளைக வயசுங்க, கேட்டா கிளாஸே நிமிரும்.

மாட்டுத்தாவணி_டீச்சர்:
சூப்பர்ங்க எல்லாரும். ராஜா பட்டத்துக்கு ரெண்டு கிளை அடிச்சுக்கிட்ட ரோஜாப் போர் மட்டும் இன்னும் இடிக்குது, யார் லங்காஸ்டர் யார் யார்க்குனு எனக்கே குழம்புது.

வைகைக்கரை:
பங்காளிச் சண்டை டீச்சர், நம்ம ஊர்ல சொல்லியா குடுக்கணும். ரெண்டு கிளையும் மூணாம் எட்வர்டு வம்சம். குலசேகர பாண்டியனுக்கு அப்புறம் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அடிச்சுக்கிட்டத முதல்ல சொல்லுங்க, அந்த நேரத்துலதான் 1311ல மாலிக் கபூர் மதுரை வரைக்கும் வந்தான். அங்க 1485ல பாஸ்வொர்த் சண்டைல லங்காஸ்டர் பக்கத்து ஹென்றி டியூடர் ஜெயிச்சு, எதிர்க் கிளையான யார்க் பொண்ணையே கட்டிக்கிட்டான். ரெண்டையும் போர்டுல பக்கத்துல பக்கத்துல எழுதிட்டு, ஏன் வேற வேற மாதிரி முடிஞ்சுச்சுன்னு பயலுகளையே அடிச்சுக்க விடுங்க.