கண்ணாடி மேல்தள கரண்ட் அடுப்பு: உங்கள் வீட்டு அனுபவம் எப்படி?

கோபி:
எங்கள் வீட்டில் இருப்பது இண்டக்‌ஷன் இல்லைங்க. கண்ணாடிக்கு அடியில் கம்பிச்சுருள் சிவந்து எரியும் வகை. எந்தப் போசி (பாத்திரம்) வைத்தாலும் சூடாகும். போன நோம்பிக்கு ஒப்புட்டுப் பூரணம் கிளறும்போது, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைப் பாகு பொங்கிக் கண்ணாடியில் வழிந்துவிட்டது. “ஆறட்டும் கண்ணு, அப்புறம் தொடச்சுக்கலாம்” என்றார் அத்தை. பாலோ, பருப்புத் தண்ணியோ வழிந்திருந்தால் அது சரியான பேச்சு. சர்க்கரைக்கு மட்டும் ஆகாது. உருகிய பாகு கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆறும்போது பாகு சுருங்கும், கண்ணாடி சுருங்காது. அந்த இழுப்பில் கண்ணாடியின் மேல்பரப்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். அந்தக் குழியை யாராலும் சரிசெய்ய முடியாது.

அதனால் உடனே அடுப்பை அணைத்து, போசியை இறக்கிவிட்டு, கனமான கையுறையோடு நீளக் கைப்பிடி வைத்த பிளேடு சுரண்டியை எடுத்தேன். பிளேடைச் சாய்த்துப் பிடித்து, சூடு ஆறுவதற்குள் பாகைச் சூடில்லாத ஓரத்துக்குத் தள்ளி எடுத்தாயிற்று. மிச்சத்தை ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்தேன். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. குழந்தைகளை அடுப்படிக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

பெருந்துறை:
பக்கத்து வீட்டு அக்கா, “சிவப்பு அணைஞ்சு அணைஞ்சு எரியுது, அடுப்பு போயிருச்சு” என்று திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டார். போய்ப் பார்த்தேன், பழுது எதுவும் இல்லை. கண்ணாடி அளவுக்கு மீறிச் சூடாகாமல் உள்ளே ஒரு கருவி கரண்டை நிறுத்தி நிறுத்திக் கொடுக்கும். தீயைக் குறைத்து வைத்தாலும் அப்படித்தான் எரியும்.

கோவை, சர்வீஸ் வேலை செய்பவன்:
சூட்டில் வெடித்துவிடுமோ என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். இது ஜன்னல் கண்ணாடி இல்லைங்க. லித்தியம், அலுமினியம், சிலிக்கா சேர்ந்த கண்ணாடியை மறுபடி சூடாக்கி, உள்ளே நுண்ணிய படிகங்கள் உருவாகச் செய்கிறார்கள். அதனால் சூட்டில் விரிவது ஏறக்குறைய இல்லை. 1953 வாக்கில் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவன ஆய்வகத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்ற விஞ்ஞானி வைத்த உலை, 600 டிகிரியில் நிற்க வேண்டியது 900 வரை போய்விட்டது. கண்ணாடி உருகி ஓடும் என்று பார்த்தால், வெள்ளையாக, கெட்டியாக நின்றதாம். இன்றைய அடுப்புக் கண்ணாடி அந்த வழியில் வந்ததுதான்.

நான் பார்த்த விரிசல்களில் பெரும்பாலானவை அடிபட்டு வந்தவை. அடுப்புக்கு நேர் மேலே ஷெல்ஃபில் ஊறுகாய் ஜாடி, குழம்புப்பொடி டப்பா வைக்காதீர்கள். முடி அளவு விரிசல் விழுந்தாலும் அதோடு சமையலை நிறுத்த வேண்டும். பொங்கி வழிகிற தண்ணீர் உள்ளே கம்பிக்குப் போனால் ஷாக் அடிக்கும். விரிசல் விட்ட அடுப்பைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு, பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். இன்னொன்று, 2000 வாட் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்கு வைத்த சின்னப் பிளக்பாயின்ட் தாங்காது. 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும்.

பல்லடம்:
எங்களுக்குப் போர் தண்ணிதான், உப்பு அதிகம். துடைத்துக் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். ஆறிய கண்ணாடியில் வினிகர் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் போட்டுத் துடைத்தால் போய்விடுகிறது. கம்பி நார் வேண்டவே வேண்டாம். அலுமினியப் போசியை இழுத்தால் வெள்ளிக் கோடு விழும், அது கீறல் இல்லை, உலோகம் ஒட்டியது. அதற்கென்று விற்கும் கிரீம் போட்டால் பெரும்பாலும் போய்விடும். இரும்புத் தோசைக்கல் வைக்கலாமா? கோபி அக்கா சொல்லுங்க.

கோபி:
வைக்கலாம். அடி தட்டையாக இருக்க வேண்டும், நகர்த்தும்போது இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும். கல்லின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அதைக் கேஸ் அடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.