வாராவாரம் கழுவியும் ஃபைட்டர் மீன் தொட்டி கலங்குகிறது, வாலும் கிழிகிறது. என்ன செய்யலாம்?

நித்யா_கோவை:

எல்லோருக்கும் வணக்கம். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு ஃபைட்டர் மீன் வளர்க்கிறாள். ஆண் மீன், கருநீல உடம்பு, சிவப்பு வால். பத்து லிட்டர் கண்ணாடித் தொட்டி, அடியில் வண்ணக் கற்கள், இரண்டு பிளாஸ்டிக் செடி. ஃபில்டர் கிடையாது. ஃபைட்டருக்குத் தேவையில்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிறுதோறும் மீனை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, தொட்டி, கல், செடி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி முழுக்கப் புதுத் தண்ணீர் நிரப்புகிறோம். செவ்வாய்க்கிழமைக்குள் தண்ணீர் வெள்ளையாக மங்கிவிடுகிறது. இப்போது வால் ஓரமும் பிய்ந்தது போல இருக்கிறது. தண்ணீருக்கு மேலே ஒரு மூலையில் நுரை சேருகிறது. அதை எடுத்துப் போட்டாலும் திரும்ப வருகிறது. கடைக்காரர் ஒரு நீல மருந்து கொடுத்தார், இன்னும் ஊற்றவில்லை.

இன்னொரு சந்தேகம். எங்கள் வீட்டில் சிறுவாணித் தண்ணீரும் உண்டு, போர் தண்ணீரும் உண்டு. சிறுவாணி வராத வாரம் போர் தண்ணீர்தான் ஊற்றுவோம். மகள் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் மீனைத்தான் முதலில் பார்க்கிறாள். எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

கார்த்தி_ஈரோடு:

ஃபைட்டர் ரொம்பக் கெட்டியான மீன் அக்கா. கடையில் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில்தானே வைத்திருக்கிறார்கள்? வாரம் இரண்டு தடவை முழுசா மாத்துங்க, கல்லை வெந்நீரில் போட்டுக் கழுவுங்க, சரியாகிவிடும்.

மொட்டைமாடி_மீன்:

சகோதரி, அந்த நீல மருந்தை ஊற்றாமல் வைத்திருப்பது நல்லது. அப்படியே வைத்திருங்கள்.

நான் சென்னையில் கொளத்தூர்ப் பக்கம். மொட்டைமாடியில் பல வருடமாக ஃபைட்டர் வளர்க்கிறேன், குஞ்சு எடுத்துக் கடைகளுக்கும் கொடுக்கிறேன். மீன் வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து கேட்பது பெரும்பாலும் இதே கேள்விதான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

உங்கள் தொட்டியில் குறைவது சுத்தம் இல்லை. அதில் குடியேற வேண்டிய நல்ல பாக்டீரியாவுக்கு நீங்கள் இடமே விடவில்லை. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வந்துகொண்டே இருக்கும். அது செவுளையும் துடுப்பையும் அரிக்கும் விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். அடுத்த வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். தண்ணீர் மாற்றும்போது அது வெளியே போய்விடும். இந்த இரண்டு வகையும் தண்ணீரில் மிதப்பது குறைவு. கல்லிலும் கண்ணாடியிலும் ஸ்பான்ஜிலும் ஒட்டி வாழும், மெதுவாகத்தான் பெருகும். ஒரு புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு சேர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் ஞாயிறுதோறும் அதைத் தேய்த்து எடுத்துவிடுகிறீர்கள். பழகின தோசைக்கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, தோசை ஏன் ஒட்டுகிறது என்று கேட்பது போலத்தான் இதுவும்.

செவ்வாய்க்கிழமை வரும் வெள்ளை மங்கலுக்கும் அதுதான் காரணம். எல்லாவற்றையும் கழுவிய தொட்டியில் வேகமாகப் பெருகும் வேறு பாக்டீரியா, மிஞ்சிய தீனியைத் தின்று தண்ணீர் முழுக்கப் பரவுகிறது. அதைப் பார்த்ததும் மறுபடி கழுவத் தோன்றும். கழுவினால் மறுபடி முதலிலிருந்து.

தம்பி கார்த்தி, டப்பா விஷயத்தில் நீங்கள் சொல்வதை நிறையப் பேர் நம்புகிறார்கள், அதனால் சொல்கிறேன். ஃபைட்டருக்குச் செவுளோடு கூடத் தலைக்குள் லாபிரிந்த் என்று ஓர் உறுப்பு உண்டு. மேலே வந்து காற்றை விழுங்கி நேரடியாகச் சுவாசிக்கும். அதனால் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் அது சாகாது. ஆனால் அமோனியாவை அந்த உறுப்பு தடுக்காது. இந்த மீனின் சொந்த ஊர் தாய்லாந்து. வயல்களிலும் சதுப்பு நிலத்திலும் ஆழம் குறைந்த தண்ணீரில்தான் வாழும். ஆழம்தான் குறைவு, பரப்பு பெரிது, செடியும் நிறைய. தாய்லாந்து 2019-இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அந்த அளவுக்கு மதிக்கும் மீனை உள்ளங்கை அளவு டப்பாவில் வைப்பது விற்பவரின் இட வசதிக்காக மட்டுமே. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மீன் அந்தத் தொட்டியிலேயே இருக்கட்டும், இனிமேல் முழுக்கக் கொட்டிக் கழுவ வேண்டாம். ஒரு சின்ன ஸ்பான்ஜ் ஃபில்டரும் ஏர் பம்பும் வாங்குங்கள். குழாயில் ஒரு வால்வு போட்டுக் காற்றைக் குறைத்து வையுங்கள். நீள வால் ஃபைட்டருக்கு நீரோட்டம் ஆகாது, நீந்தி நீந்திக் களைத்துவிடும். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அவர்கள் ஸ்பான்ஜில் ஒரு துண்டு வெட்டிக் கேளுங்கள். அதை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போட்டால் பாக்டீரியா சேரும் காலம் நன்றாகவே குறையும்.

அதுவரை ஒன்றுவிட்டு ஒரு நாள் இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். ஏர் பம்புக் குழாய் ஒரு துண்டு இருந்தால் போதும், அடிக் கல்லிடையே வைத்துக் கழிவை உறிஞ்சி வாளியில் விடலாம். வாயால் உறிஞ்சித் தொடங்க வேண்டாம். குழாயில் தண்ணீரை நிரப்பி விரலால் மூடிக் கீழே இறக்கித் திறங்கள். சொட்டு மருந்து வடிவில் வரும் அமோனியா, நைட்ரைட் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். இரண்டும் பூஜ்யம் காட்டி அப்படியே நின்றால் தொட்டி தயார். பிறகு வாரம் ஒரு முறை மூன்று லிட்டர் மாற்றினால் போதும். ஸ்பான்ஜ் அடைத்துக்கொண்டால், வெளியே எடுத்த அந்தப் பழைய தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாய்த் தண்ணீரில் பிழிந்தால் குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

தீனி காலையில் இரண்டு மூன்று பெல்லட், மாலையில் இரண்டு மூன்று. அவ்வளவுதான். தொட்டி தயாராகும்வரை ஒரு வேளை கொடுத்தால்கூடச் சரி. பக்கத்தில் போனாலே பசியில் தவிப்பது போல ஓடி வரும், இந்த மீன் எப்போதுமே அப்படித்தான்.

இப்போது தண்ணீர். இந்த வாரம் சிறுவாணி, அடுத்த வாரம் போர் என்று மாற்றி மாற்றி முழுசாக ஊற்றுவதுதான் மீனை அதிகம் உலுக்கியிருக்கும். சிறுவாணி மென்மையான தண்ணீர், போர் உப்புத் தண்ணீர். இந்த மீன் இரண்டையுமே பழகிக்கொள்ளும், திடீர் மாற்றத்தைத்தான் தாங்காது. போர் தண்ணீரில் பிஎச், அதாவது அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு, அதிகமாக இருந்தால் இன்னொரு ஆபத்து உண்டு. பிஎச் 7-இல் இருக்கும் அதே அமோனியா, பிஎச் 8-இல் ஏறக்குறைய பத்து மடங்கு விஷத்தன்மை காட்டும். அதே சமயம் ரொம்ப மென்மையான தண்ணீரிலும் நாளாக ஆக பிஎச் சரிந்துவிடும். அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முக்கால் பங்கு சிறுவாணி, கால் பங்கு போர் என்று கலந்து ஒரு டிரம்மில் பிடித்து வைப்பேன். எப்போதும் அதே விகிதம். வீட்டில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் பழைய தண்ணீரையும் புதுத் தண்ணீரையும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். சிறுவாணியில் குளோரின் போட்டுத்தான் வரும். திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் போய்விடும், அவசரம் என்றால் கடையில் விற்கும் ஆன்டி குளோரினை அளவு பார்த்துப் போடுங்கள். வெறும் ஆர்ஓ தண்ணீர் வேண்டாம், அதில் தாது உப்பே இருக்காது.

வால் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரம் கறுத்தோ சிவந்தோ நாளுக்கு நாள் உள்வாங்கினால் துடுப்பு அழுகல். நிறம் மாறாமல் நேராகக் கிழிந்திருந்தால் அந்த பிளாஸ்டிக் செடி கிழித்ததாகத்தான் இருக்கும். பழைய நைலான் துணி ஒன்றைச் செடிமேல் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் வாலும் மாட்டும், தூக்கிப் போட்டுவிடுங்கள். அதற்குப் பதில் அனுபியாஸ் அல்லது ஜாவா ஃபெர்ன் என்ற உயிர்ச் செடி வாங்கிக் கல்லில் கட்டி வையுங்கள், மண்ணும் வேண்டாம், அதிக வெளிச்சமும் வேண்டாம். தண்ணீர் சரியானால் வால் ஓரத்தில் கண்ணாடி போல நிறமில்லாத புதுச் சதை வளரும். அது ஆறுகிறது என்று அர்த்தம்.

நீல மருந்து அநேகமாக மெத்திலீன் புளூ. பூஞ்சைக்கு நல்ல மருந்துதான், தனிக் கிண்ணத்தில் வைத்துக் கொடுக்க வேண்டியது. தொட்டியில் ஊற்றினால் நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கும், கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிகான் பசையும் நீலமாகிவிடும்.

அந்த நுரையை இனிமேல் எடுக்காதீர்கள்! அது அழுக்கு இல்லை. ஆண் மீன் வாயால் ஊதிக் கட்டும் நுரைக்கூடு. பெண் மீன் முட்டையிட்டால் இந்த ஆண்தான் முட்டைகளை வாயில் பொறுக்கி அந்தக் கூட்டில் ஒட்டிவைத்துக் காவல் காக்கும். துணை இல்லாவிட்டாலும் கட்டும். உங்கள் மகளிடம் சொல்லுங்கள், மிகவும் சந்தோஷப்படுவாள்.

ரஹீமா_தஞ்சை:

அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். நான் இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

தொட்டி இருக்கும் அறையில் கொசுவிரட்டி லிக்விட் மெஷின் போடுகிறீர்களா நித்யா? கொசுவத்திச் சுருள், ஸ்பிரே? அவற்றில் இருக்கும் பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம். ஃபைட்டர் தண்ணீர் மட்டத்துக்கு வந்து அந்த அறைக் காற்றைத்தான் விழுங்குகிறது. இனி ஏர் பம்பும் வைக்கப் போகிறீர்கள், அதுவும் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள்தான் விடும். கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தொட்டியை வேறு அறைக்கு மாற்றுங்கள். கையில் சோப்பு, சானிடைசர், தலைக்குத் தடவிய எண்ணெய் இருந்தால் நன்றாக அலசிவிட்டுத் தொட்டியில் கை விடுங்கள். குழந்தைகள் கையை விடும்போது இது முக்கியம்.

இரண்டாவது, நாட்டு வாதாம் இலை. தானாகச் சிவந்து பழுத்து விழுந்து காய்ந்த இலையாகப் பார்த்து எடுத்து, கழுவிவிட்டு, பத்து லிட்டருக்குக் கையளவு துண்டு ஒன்று போடுங்கள். தண்ணீர் பழுப்பாகும், அது கெட்டுப்போனதல்ல. இலையில் இருக்கும் டானின்தான் அந்த நிறம். கிருமியை ஓரளவு அடக்கும், மீனும் அதன் நிழலில் அமைதியாக இருக்கும். வண்டிப் புகை படியும் பெரிய சாலை ஓரத்து மரம் வேண்டாம், பூச்சிமருந்து அடிக்காத மரமாகப் பாருங்கள்.

நித்யா_கோவை:

அண்ணா, ரஹீமா அக்கா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன், வால் ஓரம் கறுக்கவில்லை. நைலான் துணி அந்தச் செடியில் நன்றாக மாட்டியது, செடியை எடுத்துவிட்டேன். நுரைக்கூடு பற்றிச் சொன்னதிலிருந்து மகள் அந்த மூலையை விட்டு நகரவில்லை. கொசு மெஷினும் அதே அறையில்தான் இருந்தது, கழற்றிவிட்டோம்.

மேலும் இரண்டு கேள்வி. இங்கே மார்கழி, தை இரவுகளில் நல்ல குளிர், ஹீட்டர் வேண்டுமா? பொங்கலுக்கு நான்கு நாள் திருநெல்வேலி போகிறோம், பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துத் தீனி போடச் சொல்லலாமா?

மொட்டைமாடி_மீன்:

கறுக்கவில்லை என்றால் மருந்தே தேவைப்படாது சகோதரி.

ஹீட்டர் உங்களுக்கு வேண்டும். ஃபைட்டருக்கு 24 முதல் 28 டிகிரி வரை சௌகரியம். சென்னையில் பலர் ஹீட்டர் இல்லாமலே வருடம் முழுக்க ஓட்டிவிடுவார்கள். கோவையில் அந்த மாதங்களில் இரவு 20-க்குக் கீழே இறங்கும், பகலில் ஏறும். மீன் அடியில் அசையாமல் கிடக்கும், தின்னாது, வெள்ளைப் புள்ளி நோயும் அப்போதுதான் வரும். பத்து லிட்டருக்கு 25 வாட், தெர்மோஸ்டாட் உள்ளதாக வாங்கி 26-இல் வையுங்கள். தண்ணீர் மாற்றும்போது முதலில் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீருக்கு வெளியே சூடானால் கண்ணாடி வெடிக்கும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் தீனி டப்பாவைக் கொடுக்கவே வேண்டாம். அன்பால் ஒரு கை அள்ளிப் போட்டுவிடுவார்கள், நீங்கள் வருவதற்குள் தண்ணீர் அழுகிவிடும். ஆரோக்கியமான பெரிய ஃபைட்டர் நான்கு நாள் தின்னாமல் தாராளமாக இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் மூன்று லிட்டர் மாற்றுங்கள், ஃபில்டரும் ஹீட்டரும் ஓடட்டும். மின்சாரம் சில மணி நேரம் போனாலும் பயமில்லை. தொட்டிமேல் மட்டும் காற்றுப் போகும்படி ஒரு வலை மூடி கட்டாயம் போடுங்கள். ஃபைட்டர் நன்றாகத் துள்ளும். வீட்டில் ஆள் இருந்தால் எடுத்து விட்டுவிடலாம், இல்லாத நாளில் யார் எடுப்பார்கள்? ஊரிலிருந்து வந்த அன்று இரண்டே பெல்லட் போடுங்கள், மறுநாளிலிருந்து வழக்கம் போல.