மாடி வீட்டு இந்தோனேசியப் பெண்ணின் ஞாயிறு மாலை: எந்தப் படம், என்ன இனிப்பு?

லாஸ்பேட்டை வாசன் எழுதியது:

எங்கள் மாடிப் போர்ஷனில் ஓர் இந்தோனேசியப் பெண் வாடகைக்கு இருக்கிறாள். ஊர் ஜாவாத் தீவில் சுரபாயா, காலாப்பட்டில் படிக்கிறாள், தமிழ் அரைகுறைதான், ஆனாலும் என் மனைவியோடு மணிக்கணக்கில் பேசுகிறாள், எந்த மொழியில் என்று எனக்கே பிடிபடவில்லை. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஏழெட்டுக் குடும்பங்களைக் கூப்பிட்டு, மொட்டை மாடியில் அவள் ஊர்ப் படம் ஒன்றைப் போட்டு, அவளே இனிப்பு செய்து கொடுத்து, கொஞ்சம் பேசலாம் என்கிறாள். எங்களுக்கும் சரிதான். ஆனால் படத்திலும் சிக்கல், இனிப்பிலும் சிக்கல்.

அவள் போட நினைப்பது 'யூனி'. 2021-இல் வந்தது, கமிலா ஆந்தினி என்ற பெண் இயக்குநர் எடுத்தது. நன்றாகப் படிக்கிற பள்ளி மாணவி, மேலே படிக்க ஆசை, அதற்குள் வரிசையாகப் பெண் கேட்டு வருகிறார்கள், இரண்டு வரனைத் தட்டிக் கழித்தால் அப்புறம் கல்யாணமே ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு. கதையைக் கேட்ட எதிர்வீட்டுப் பெரியவர், "அந்த ஊர்க்காரங்க நல்லா சண்டைப் படம் எடுப்பாங்களே, அது கிடைக்காதா?" என்றார். அவரைச் சமாளித்துவிடலாம். என் மைத்துனரைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஒருநாள் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "இங்கே வந்த பிறகு ஊர் நினைவே வரவில்லை அங்கிள், ஏனென்றால் பெருநாளுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் அங்கேயும் 'எப்போது கல்யாணம்' என்றுதான் கேட்பார்கள், இங்கே பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற அம்மாவும் அதையேதான் கேட்கிறார்." சிரித்தோம். அதோடு விட்டாளா, தமிழ்ப் படங்களுக்குப் போனாள். கதாநாயகி முதல் பாதியில் டாக்டராக வருகிறாள், இடைவேளைக்கு அப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை, இவளுக்கு யார் இத்தனை லீவு கொடுக்கிறார்கள் என்று கேட்டாள். சுரபாயாவில் ராத்திரி தள்ளுவண்டிக் கடையில் பெண்கள் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள், இங்கே ஒன்பதரைக்கு நீங்கள் கேட்டைப் பூட்டிவிடுகிறீர்கள் என்று என்னையும் ஒரு இடி இடித்தாள்.

மைத்துனருக்கு முகம் சுருங்கிவிட்டது. வந்த இடத்தில் இப்படியா பேசுவது, நம்மூரைக் குறை சொல்ல ஒரு மேடை வேறு போட்டுக் கொடுக்கப் போகிறீர்களா என்கிறார். அவள் தன் ஊரையும் விட்டுவைக்கவில்லை என்பது அவர் காதில் ஏறவே இல்லை. "எங்கள் சினிமா மட்டும் என்ன, எதை எடுத்தாலும் பேய்ப்படம், பேயாக வருவது பெரும்பாலும் பெண். உயிரோடு இருந்தபோது பேசவிடாதவளைச் செத்த பிறகுதான் பேசவிடுகிறார்கள்" என்றும் அதே சாப்பாட்டில்தான் சொன்னாள்.

அடுத்தது இனிப்பு. நம் கடை இனிப்புகள் அவளுக்கு ஒரு துண்டுக்கு மேல் இறங்கவில்லை, நெய்யும் பாலும் முகத்தில் அடிக்கிறதாம். அவர்களுக்கு அரிசி மாவு, தேங்காய், பனஞ்சர்க்கரை. க்ளெபோன் என்று ஒன்று: பசையுள்ள அரிசி மாவை உருட்டி, நடுவில் பனஞ்சர்க்கரைத் துண்டு வைத்து மூடி, கொதிக்கும் நீரில் போட்டால் வெந்ததும் மேலே மிதந்து வரும், எடுத்து உப்புத் தூவிய தேங்காய்த் துருவலில் புரட்ட வேண்டும். முழுதாக வாயில் போட்டு உதட்டை மூடிக்கொண்டுதான் கடிக்க வேண்டும், இல்லையென்றால் உருகிய பாகு சட்டையில் தெறிக்கும். எங்கள் வீட்டு இடியாப்ப மாவில் செய்து பார்த்தாள். உருண்டை எல்லாம் வெடித்து, வெல்லம் தண்ணீரில் இறங்கி, சட்டியில் மிஞ்சியது ஒருவிதக் கஞ்சி. பசை அரிசி மாவு பாண்டியில் கிடைக்குமா? இல்லையென்றால் வேறு என்ன செய்யலாம்? படத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை கலா எழுதியது:

வாசன் அண்ணே, இடியாப்ப மாவில் அது வரவே வராது, நம் பச்சரிசிக்கு அந்தப் பசை கிடையாது. சைகோன் போய் வந்த குடும்பம் யாராவது தெரிந்தால் கேளுங்கள், நெம் (வியட்நாம் சுருள் பலகாரம்) சுடுகிற வீட்டில் பசை அரிசி மாவு எங்கே வாங்குகிறார்கள் என்ற விவரமும் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவித்து மசித்து, மரவள்ளி மாவு சேர்த்துப் பிசைந்து உருட்டச் சொல்லுங்கள். அவர்கள் ஊரிலும் கிழங்கில் இதைச் செய்வது உண்டு. மாவு கையில் ஒட்டாத பதத்துக்கு வரவேண்டும், வெல்லத் துண்டு சுண்டைக்காய் அளவுக்கு மேல் போகக்கூடாது, மூடிய இடத்தில் கீறல் இருந்தால் கட்டாயம் வெடிக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், முப்பது பேருக்கு உருண்டை உருட்டி அந்தப் பெண்ணின் இடுப்பை ஒடிக்காதீர்கள். அவர்கள் ஊரில் கருப்புப் பசை அரிசியில் ஒரு கஞ்சி இனிப்பு இருக்கிறது. நம் கருப்புக் கவுனியும் பசை அரிசிதான், மளிகைக் கடையிலேயே கிடைக்கும். முந்தின ராத்திரியே ஊறப் போடுங்கள், ஊறாத கவுனி எத்தனை விசில் விட்டாலும் பல்லில் நறநறக்கும். குழைய வேகவிட்டு, கருப்பட்டியைத் தனியாகக் காய்ச்சி வடிகட்டி (மண் இருக்கும், வடிகட்டாமல் ஊற்றிவிடாதீர்கள்) சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். கெட்டித் தேங்காய்ப் பாலில் இரண்டு சிட்டிகை உப்புப் போட்டு லேசாகச் சூடு காட்டி, பரிமாறும்போது மேலே ஊற்ற வேண்டும். கருப்புக் கஞ்சிமேல் வெள்ளைப் பால், கலக்காமல் அப்படியே கொடுங்கள். அந்த உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், தித்திப்பு திகட்டாமல் இருப்பது அதனால்தான். வாசனைக்கு ரம்பை இலை கிடைத்தால் ஒன்றை முடிச்சுப் போட்டு வேகும்போது போடலாம். தாழம்பூவுக்குச் சொந்தக்காரச் செடி, நர்சரியில் கேட்டுப் பாருங்கள்.

மைத்துனர் விஷயத்தில் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஒன்பதரைக்கு எதற்கு கேட்டைப் பூட்டுகிறீர்கள்? சாவி ஒன்றை அவளிடம் கொடுங்கள்.

சுப்பையா சாலை ரவி எழுதியது:

இந்தோனேசியா முஸ்லிம்கள் பெரும்பான்மையான நாடு, ஆனாலும் அவர்கள் ரூபாய் நோட்டில் பிள்ளையார் படம் இருக்கிறது! இதைப் பற்றி அந்தப் பெண்ணைப் பேசச் சொல்லுங்கள், பாலித் தீவுக் கோயில்களைப் பற்றியும். எல்லோருக்கும் பிடிக்கும், சண்டையும் வராது.

கெடிலக்கரை எழுதியது:

ரவி, அது 1998-இல் வந்த இருபதாயிரம் ரூபியா நோட்டு, புழக்கத்திலிருந்து எடுத்துப் பல வருஷம் ஆகிறது, வாட்ஸாப்பில்தான் இன்னும் செல்லுபடி ஆகிறது. பாலி 38 மாகாணங்களில் ஒன்று. சுரபாயாப் பெண்ணிடம் பாலியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பது, கடலூர்க்காரனைப் பிடித்து நிறுத்தித் தாஜ்மகாலைப் பற்றிச் சொல்லு என்பது போலத்தான்.

வாசன் சார், நான் நெல்லிக்குப்பம் பக்கம், கரும்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் சர்க்கரை என்றதும் வாய் சும்மா இருக்காது. அந்தப் பெண் சுரபாயா என்றால், ஜாவாவின் பெரிய கரும்புச் சீமை அதைச் சுற்றித்தான். 1830-இல் டச்சுக்காரன் அங்கே கட்டாயச் சாகுபடி கொண்டுவந்தான், கிராமத்து நிலத்தில் ஒரு பங்கை அரசாங்கம் சொல்கிற பயிருக்கு ஒதுக்க வேண்டும், அதில் கரும்பும் உண்டு, விளைந்தது கப்பலேறிப் போய்விடும். நம் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வந்தது 1842. அதோடு முடியவில்லை. சுரபாயாவுக்குப் பக்கத்தில் பாசுருவான் என்று ஓர் ஊர், அங்கிருந்த கரும்பு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகம் பி.ஓ.ஜே. 2878. கோயம்புத்தூரில் அதை கோ 290 என்ற ரகத்துடன் இனக்கலப்பு செய்து எடுத்ததுதான் கோ 419. எங்கள் அப்பா காலத்து விவசாயி யாரைக் கேட்டாலும் 419 என்றால் முகம் மலரும், தடித்த கரும்பு, நல்ல எடை. ஆக நம் வட்டாரத்துச் சர்க்கரையில் அந்தப் பெண் ஊரின் ரத்தம் ஓடியிருக்கிறது. இன்னொன்று, 1693-லிருந்து 1699 வரை பாண்டிச்சேரியும் டச்சுக்காரன் கையில்தான் இருந்தது. உங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள், அவளும் நாமும் ஒரே முதலாளியிடம் கொஞ்ச நாள் வேலை பார்த்தவர்கள்தான், பேச உரிமை உண்டு.

அரியாங்குப்பம் சேகர் எழுதியது:

படம் 'யூனி'யே இருக்கட்டும், மாற்றாதீர்கள். டொராண்டோ விழாவில் பிளாட்ஃபார்ம் பிரிவின் பரிசு வாங்கிய படம். அந்தப் பெண்ணுக்கு ஊதா நிறத்தின் மேல் ஒரு பைத்தியம், ஊதாவில் எது கண்ணில் பட்டாலும், மற்றவர்கள் பொருளாக இருந்தாலும் எடுத்துக்கொள்வாள், அதிலேயே அவள் யார் என்று தெரிந்துவிடும், வசனமே வேண்டாம். ஆனால் பெரியவர்களுக்கான காட்சிகள் இருக்கின்றன, தெருப் பிள்ளைகளை மாடியில் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் பிறகு நெளியாதீர்கள். பிள்ளைகளுக்குக் கீழே கேரம் போர்டு. எழுத்து ஆங்கிலத்தில் ஓடும், வயதானவர்களுக்குச் சிரமம், அதற்காக நடுவில் நிறுத்தி நிறுத்தி விளக்க வேண்டாம், படம் செத்துவிடும். தொடங்கும் முன் கதையைப் பாதிவரை சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், அங்கே பெண்ணின் கல்யாண வயது 16 என்று இருந்ததை 19 ஆக்கியது 2019-இல்தான், அதற்குக் கீழே என்றால் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும், அப்படி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நம் சட்டத்தில் இன்னும் 18. இதை அவளே சொல்லட்டும், மைத்துனர் பதில் சொல்லட்டும், அதில் என்ன தவறு? விருந்தாளி என்றால் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார வேண்டுமா? அதே சமயம் இருபத்தெட்டு கோடிப் பேருக்கும் அவளே பதில் சொல்ல வேண்டும் என்பது போலக் குடையாதீர்கள், கல்லூரிப் பெண், அவளுக்குத் தோன்றியதைச் சொல்கிறாள்.

மைத்துனரை இழுக்க எனக்கு ஒரு வழி தெரிகிறது. அவர் தீமிதிக்குத் தவறாமல் போகிறவர் என்றால் திரௌபதியைப் பற்றிப் பேச்சை எடுங்கள். ஜாவா தோல்பாவைக் கூத்தில் திரௌபதிக்குத் தருமர் ஒருவர்தான் கணவர், ஐந்து பேர் இல்லை. 2013-இல் இங்கே வந்த இந்தி மகாபாரதத் தொடர் அடுத்த வருஷம் அங்கே ஒளிபரப்பாகிப் பெரிய வெற்றி, அதில் ஐந்து பேர். பாட்டி சொன்ன கதை ஒன்று, டிவியில் பார்த்தது ஒன்று, வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவளைக் கேளுங்கள். நம் பக்கம் கூத்து பார்த்து வளர்ந்த ஆள் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து போகமாட்டார், விடிய விடிய வாதாடுவார்.

லாஸ்பேட்டை வாசன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கலா, கவுனி நேற்றே ஊறப்போட்டாயிற்று, ஒத்திகைக்கு ஒரு ஆழாக்கு. தேங்காய்ப் பாலில் உப்பு என்றதும் "இது யார் சொன்னது, எங்கள் ஊர் ஆளா?" என்று கேட்டாள். ஒரே ஒரு சண்டை, மேலே சீஸ் துருவிப் போடலாமா என்கிறாள், அங்கே ராத்திரி வண்டிக் கடையில் தடித்த தோசை மாதிரி ஒன்றில் சாக்லேட்டும் சீஸும் சேர்த்துத்தான் விற்பார்களாம், பழுத்த வாழைப்பழ பஜ்ஜிமேலும் சீஸ் தூவுவார்களாம். கஞ்சியில் வேண்டாம் என்று என் மனைவி கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

கெடிலக்கரை சார், நீங்களும் வரவேண்டும், 419 கதையை உங்கள் வாயால் கேட்க அவளுக்கு ஆசை. சேகர், திரௌபதி விஷயத்தை மைத்துனரிடம் லேசாகப் போட்டேன், "அதெப்படி ஒருத்தர்?" என்று போனிலேயே ஆரம்பித்துவிட்டார், வருவார் என்று நினைக்கிறேன், வந்து என்ன பேசுவார் என்பதற்கு நான் பொறுப்பில்லை. கேட் சாவி கொடுத்தாயிற்று.

ப்ரொஜெக்டர் கிடைத்துவிட்டது, ஸ்பீக்கர்தான் இல்லை. லாஸ்பேட்டை பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமையே வந்து எடுத்துக்கொள்கிறேன்.