தென்கிழக்கு மூலைக் கல்

குழு: வடக்குத் தெரு வீடு

[ஞாயிறு, காலை 7:12] சங்கரலிங்கம்: நேற்று மாலை ஜிபிஎஸ் கருவியால் அளந்ததில், தென்கிழக்கு மூலைக் கல் போன தை மாதக் கணக்கிலிருந்து 60 சென்டிமீட்டர் மேற்கே வந்திருக்கிறது. கிணற்றுப் பக்கம் வேலி போட்டவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். புதன்கிழமை பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவதற்கு முன் எனக்குப் பதில் வேண்டும்.

[7:15] முருகன்: அந்தக் கல்லை நான் தொட்டதில்லை, அண்ணா. அப்பா இருக்கும்போதும் இதையேதான் சொன்னேன்.

[7:16] செண்பகம்: மறுபடியும் அந்தக் கிணற்றுப் பேச்சா?

[7:21] மீனாட்சி: பெரியப்பா, நேற்று எத்தனை மணிக்கு அளந்தார்கள்? தை மாதம் எத்தனை மணிக்கு?

[7:24] சங்கரலிங்கம்: தை மாதம் காலை ஒன்பது மணி. நேற்று அளப்பவர் தாமதமாக வந்ததால், அந்த மூலைக்குப் போகும்போது இரவு எட்டு ஆகிவிட்டது. டார்ச் பிடித்தவன் நான்.

[7:38] மீனாட்சி: அப்படியானால் சித்தப்பாவைக் குற்றம் சொல்வதற்கு முன் வானத்தைப் பார்க்க வேண்டும். செயற்கைக்கோளின் அலை நம்மிடம் வரும் வழியில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தொடங்கும் அயனி மண்டலத்தை, அதாவது வெயிலால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கைக் கடக்கிறது. அங்குள்ள மின்னணுக்கள் (எலக்ட்ரான்கள்) அதைத் தாமதப்படுத்துவதால், சூரியன் கொதிப்பாக இருக்கும் ஆண்டுகளில் பகல் நேரத் தூரக்கணக்கு பத்து மீட்டருக்கும் மேல் பிழைபடக்கூடும். நம் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு திருநெல்வேலிச் சீமைக்கு அருகே செல்வதால், பொழுது அடைந்த பிறகு அந்த மண்டலத்தின் அடிப்பகுதியில் மின்னணு குறைந்த குமிழிகள் உருவாகி, தண்ணீருக்கு அடியில் விட்ட எண்ணெய் எழும்புவதுபோல மேலே கிளம்புகின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது அதிகம். நேற்று மார்ச் 22.

[7:41] செண்பகம்: திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் வைத்ததும் அந்தக் கோட்டுக்காகத்தான் என்று அப்பா சொல்வார்.

[7:42] மீனாட்சி: ஆம் அத்தை, 1963இல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதற்குக் காரணம் அதுவே. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் புவிக்காந்த ஆய்வகம் இருப்பதும் அதனால்தான்.

[7:46] இசக்கிராஜா: மீனாட்சி, அந்தக் கருவி இரண்டு அலைவரிசைகளில் வாங்குகிறது. தாமதம் அதில் கழிந்துவிடும் என்றுதானே விற்றவர் சொன்னார்?

[7:59] மீனாட்சி: அவர் சொன்னது உண்மைதான் அத்தான், ஆனால் பாதி உண்மை. 1575.42 மெகாஹெர்ட்சில் வருவதைவிட 1227.60இல் வருவது அதிகமாகத் தாமதப்படும். அந்த வித்தியாசத்தை வைத்துத் தாமதத்தைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம். குமிழிக்குள் நுழைந்த அலையோ விண்மீன் மினுக்குவதுபோலத் துடிப்பதால், கருவியின் பிடி விட்டுப்போகிறது. அது எண்ணிக்கொண்டிருக்கும் அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். அந்த எண்ணிக்கையில் சில அலைகள் தவறினாலே நம் கல் நகர்ந்ததுபோலத் தோன்றும். பெரியப்பா, அப்போது திரையில் ‘ஃபிக்ஸ்’ என்று இருந்ததா, ‘ஃப்ளோட்’ என்று இருந்ததா?

[8:03] சங்கரலிங்கம்: ‘ஃப்ளோட்’ என்று மஞ்சளாக இருந்தது. பரவாயில்லை, போதும் என்று அவர் சொன்னார்.

[8:04] முருகன்: பார்த்தீர்களா, அண்ணா.

[8:05] சங்கரலிங்கம்: வேலியைப் பற்றி நான் கேட்டது அப்படியே இருக்கிறது.

[8:17] மீனாட்சி: ‘ஃப்ளோட்’ என்றால் எண்ணிக்கை இன்னும் முடிவாகவில்லை என்று பொருள், அதை எல்லைக்கல்லுக்கு எடுத்துக்கொள்ளவே கூடாது. அமெரிக்காவில் 2024 மே 10 அன்று சூரியன் கிளப்பிய காந்தப் புயல் அடித்தபோது, சோள விதைப்பின் நடுவே ஜிபிஎஸ் வழிகாட்டத் தானாக ஓடும் டிராக்டர்களை விவசாயிகள் நிறுத்த வேண்டியிருந்தது. அவர்கள் காத்திருந்தார்கள், நாமும் காத்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குத் தொடங்கச் சொல்லுங்கள். தொலைவிலுள்ள நிலையத்தின் திருத்தத்தைக் கைப்பேசியில் வாங்குவதற்குப் பதிலாக, நம் களத்திலேயே இரண்டாவது கருவியை நிறுத்தினால், இரண்டும் ஒரே வானத்தைப் பார்ப்பதால் பிழை பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துவிடும். ஜிபிஎஸ் மட்டும் போதாது, ஐரோப்பாவின் கலிலியோவும் சீனாவின் பெய்டோவும் சேர்ந்திருந்தால் குமிழிக்கு வெளியே நிற்கும் செயற்கைக்கோள்கள் கூடுதலாகக் கிடைக்கும். ஒரே கல்லை இரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை அளக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எழுத வேண்டாம்.

[8:20] இசக்கிராஜா: விமானங்களுக்கு ஜிபிஎஸ் திருத்தம் அனுப்பும் ககன் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளக் கூடாதா?

[8:23] மீனாட்சி: அது விமானம் இறங்குவதற்கு மீட்டர் கணக்கில் உதவும், அத்தான். நமக்கு இரண்டு சென்டிமீட்டர் வேண்டும்.

[8:26] செண்பகம்: இரண்டாவது கருவிக்கு வாடகை யார் தருவது?

[8:31] முருகன்: பாதி நான் தருகிறேன். ஆனால் அளக்கும்போது அண்ணா என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

[8:44] சங்கரலிங்கம்: செவ்வாய்க்கிழமை காலை நான் வருகிறேன். புதன்கிழமைப் பத்திரத்தைப் பற்றி அங்கேயே பேசிக்கொள்வோம்.

[8:45] செண்பகம்: ஆறரைக்கா, ஏழுக்கா?